கிளட்ச் கடிக்கும் இடம்

மார்ச் 26, செவ்வாய்

வண்டியின் கிளட்ச் தட்டு முழுவதும் தேய்ந்துவிட்டது. ஆதாரம்: பட்டறைக்காரர் ஆ சுவீ, இன்று பகல் 3.40, தொலைபேசியில். கியர்பெட்டியை இறக்கி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். எதிர்வீட்டு ஆசிரியர் வஹாப் எங்கள் வண்டியை ஓட்டினார். அபாங்கை, என் கணவரை, கால் புண் பார்க்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழி. ஏரி முனையில் சிவப்பு விளக்கு பச்சையானது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். பின் இருக்கையிலிருந்து அபாங் சொன்னார்: "தட்டு வழுக்குது. மூணு மாசமாவே வழுக்குது."

அது ஊகம் என்று நினைத்தேன். இன்று ஆ சுவீ சொன்ன பிறகுதான் உறுதி.

இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சை அமுக்குவதும் கியரை மாற்றுவதும் ஒரு பம்பும் ஒரு கம்ப்யூட்டரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கியபோது அபாங் சொன்னது: "இருபத்தெட்டு வருஷமா பஸ்ல மிதிச்ச இடது காலு. வீட்டு வண்டியிலயாவது அதுக்கு ஓய்வு." போன அக்டோபரில் சர்க்கரை நோயால் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஓய்வு கேட்டேன். ஒரேயடியா குடுத்துட்டாங்க."

ஏப்ரல் 18, வியாழன், காலை 9 மணிக்கு அதிகாரி முன்னால் அவர் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓட்டினால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். அதுவரை சாலையில் ஓட்டக்கூடாது. படிவத்தில் எழுதியிருப்பது இந்த வண்டியின் எண். சமையலறை நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றி அவரே வட்டம் போட்டிருக்கிறார்.

இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 27, புதன்

புதுத் தட்டு கிளாங் நகரத்திலிருந்து வரவேண்டும். "வெள்ளிக்கிழமை வந்துரும்" என்றார் பாகக் கடைக்காரர். எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 30, சனி

நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அபாங் கேட்டார்: "வண்டி என்ன ஆச்சு?"

"பாத்துட்டு இருக்காங்க" என்றேன்.

உறுதியாகாத செய்தியை வெளியே விடுவதில்லை. முப்பது வருடம் செய்தி எழுதியவளுக்கு இது பழக்கம். கவலைப்படுவார் என்பதும் ஒரு காரணம். அக்டோபருக்குப் பிறகு மருத்துவர்கள் எல்லா விவரமும் என்னிடம்தான் சொல்கிறார்கள். நான் வடிகட்டி அவரிடம் சொல்கிறேன். அப்படியே அமைந்துவிட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

தட்டு மாட்டியாகிவிட்டது. வண்டி நகரவில்லை.

பட்டறைக்கு மோட்டார்சைக்கிளில் போனேன். ஆ சுவீ கையைத் துடைத்தபடியே வந்தார். இங்கே எல்லோருக்கும் நான் 'காக்', அதாவது அக்கா.

"காக், புதுத் தட்டு தடிமன். பழைய தட்டு தேஞ்சு தேஞ்சு எந்த இடத்துல கடிச்சுதோ, கம்ப்யூட்டர் அந்த இடத்தையே ஞாபகம் வெச்சிருக்கு. புதுப் பொண்டாட்டிக்குப் பழைய பொண்டாட்டி செருப்பக் குடுத்தா நடக்க முடியுமா?"

"உனக்கு இருக்கறது ஒரே பொண்டாட்டிதானே?"

"அதான் காக். ஒண்ணுக்கே செருப்பு அளவு எனக்குத் தெரியாது. இதுக்கு ஆள் வேற."

கிளட்ச் கடிக்கும் புது இடத்தை, அதாவது தட்டு எஞ்சினோடு பிடித்துக்கொள்ளும் இடத்தை, கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதற்கு ஒரு கருவி. இந்த வகை வண்டிக்கான கருவி இந்தப் பக்கத்தில் ஒருவரிடம்தான் இருக்கிறது. பெயர் ரிட்ஸுவான், ஈப்போ. புதன்கிழமை வருகிறார். வேலை பத்து நிமிடம் என்று ஆ சுவீ சொன்னார். பத்து நிமிடம் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, புதன்

கற்கவில்லை.

ரிட்ஸுவான் முப்பது வயதுக்காரர், குறைவாகப் பேசுகிறவர். மடிக்கணினியைப் பானட் மேல் வைத்து, ஒரு வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். ஆ சுவீ ஓட்டுநர் இருக்கையில். கைபிரேக்கை இழுத்து, காலால் பிரேக்கை மிதித்து உட்கார்ந்தார். பம்பு முனகியது, நின்றது. திரையில் சிவப்புக் கட்டத்தில் ஒரு எண்.

ஆறு முறை செய்தார்கள். ஆறு முறையும் அதே எண்.

எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். புத்தகத்தைத் தேடிப் படித்தார்: "வண்டி நிற்பது உறுதிப்படவில்லை."

ஆ சுவீ வெளியே இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். "மார்ச் இருபத்தஞ்சுலேர்ந்து இங்கயேதான் நிக்குது. அடியில பூனை குட்டி போட்டிருக்கு. இதுக்கு மேல எப்படிப்பா நிக்கறது?"

"சக்கர வேகத்தப் பாக்கற சென்சார் பொய் சொல்லுதுன்னு நெனைக்கறேன்" என்றார் ரிட்ஸுவான். "புதுசு போட்டுப் பாக்கணும்."

சென்சாரும் கிளாங்கிலிருந்துதான். நாளை சீனர்கள் கல்லறைக்குப் போகும் நாள், பட்டறை மூடல். வெள்ளியன்று ரிட்ஸுவான் பெருநாளுக்குச் சொந்த ஊரான பாசிர் மாஸ் போகிறார். திரும்புவது 16.

"அதுக்கு முன்னாடி முடியாதா?" என்று கேட்டேன்.

"அம்மா தனியா இருக்காங்க காக். மூணு வருஷமா பெருநாளுக்குப் போகல."

இதற்கு மேல் என்ன கேட்பது? அமைச்சரிடம் விடாமல் கேட்டிருக்கிறேன். அம்மாவைப் பார்க்கப் போகிறவரிடம் முடியவில்லை.

அபாங்கிடம் சொன்னது: "பெருநாள் முடிஞ்சதும் தயாராயிரும்."

"என்ன கோளாறாம்?"

"சின்ன விஷயம்."

ஏப்ரல் 5, வெள்ளி

சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். வேறு வண்டியில் ஓட்டிக் காட்டலாமா என்று கேட்டேன். அபாங்கின் மருமகனிடம் ஆட்டோ கியர் வண்டி இருக்கிறது. முகப்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எண் மாற்றினால் புது விண்ணப்பம். புது விண்ணப்பம் என்றால் வரிசையின் கடைசி. "எப்ப வரும்?" "சொல்ல முடியாது காக்." அவள் மேல் தவறில்லை. யார் மேலாவது தவறு இருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருக்கும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை. அபாங் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் நிலையத்தில் அவரோடு ஓட்டியவர்கள் வியாழன்தோறும் கூடுவார்கள். நோன்பு முடிந்ததும் தானே ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் இறங்க வேண்டும் என்று ஜனவரியில் சொன்னார். இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் மோட்டார்சைக்கிள் பின்னால் உட்கார மாட்டார். ஒருமுறை கேட்டேன். "மூட்டை மாதிரி வரமாட்டேன்" என்றார்.

ஏப்ரல் 10, புதன். பெருநாள்

பள்ளிவாசலுக்கு வஹாப் தன் பழைய பிக்கப்பில் கூட்டிப்போனார். அது மிதி உள்ள கிளட்ச். அபாங் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு கியருக்கும் அவருடைய இடது தொடை அசைந்ததைப் பார்த்தேன். வஹாப்பும் பார்த்துவிட்டார்.

"என்ன ஹம்டான், நீயும் ஓட்டறியா?"

"நீ லேட்டா மிதிக்கற. பாத்துட்டு இருக்க முடியல."

"அந்தக் காலைத்தான் எடுத்துட்டாங்களே."

"காலைத்தான் எடுத்தாங்க. மிதிக்கறது அங்கயேதான் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஏப்ரல் 13, சனி

ஆ சுவீ பெருநாள் பார்க்க வந்தார். ஒரு டின் பிஸ்கட், ஒரு பெட்டி ஆரஞ்சு. மூங்கிலில் சுட்ட லெமாங் சோறு இரண்டு துண்டு சாப்பிட்டார். அபாங் கூடத்தில் இருக்க, ஆ சுவீ என்னைச் சமையலறை வாசலில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தி வண்டி விஷயம் சொன்னார். சென்சார் வந்துவிட்டது, மாட்டிவிட்டார், ரிட்ஸுவானுக்காகக் காத்திருக்கிறார். ஏன் தாழ்ந்த குரல் என்று நானும் கேட்கவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் பேசும் குரல்.

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது அபாங் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கற்கவில்லை. புதுச் சென்சார் சரியாகவே வேலை செய்கிறது. வேகம் பூஜ்யம் என்று திரையிலேயே வருகிறது. அதற்குக் கீழே அதே சிவப்புக் கட்டம்: நிற்பது உறுதிப்படவில்லை.

ரிட்ஸுவான் நாலு மணி நேரம் இருந்தார். எண்ணெய்க் குழாயில் காற்று இருக்குமோ என்று வெளியேற்றிப் பார்த்தார். பாட்டரி மாற்றிப் பார்த்தார். கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "கம்ப்யூட்டரே போயிருக்கலாம் காக்" என்றார். அது கிடைக்க எத்தனை நாள்? இரண்டு மாதம். கிடைத்தால்.

"இருக்கலாமா, போயிருச்சா?"

"இருக்கலாம்."

திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 17, புதன்

ரிட்ஸுவானுக்கு ஈப்போவில் வேறு வேலை. ஆ சுவீ தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு, "எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியல காக், அதான்" என்றார்.

அபாங்கிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

காலை ஏழு மணிக்கே குளித்து, நீலப் பாத்திக் சட்டை போட்டு, செயற்கைக் காலை மாட்டி, ஷூ இரண்டையும் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மடியில் படிவம்.

நான் சொன்னேன். வண்டி தயாராகவில்லை என்று மட்டும்.

"தெரியும்" என்றார். "வாசல்ல இல்லையே."

"அப்புறம் ஏன் சட்டை...?"

"இன்னிக்குத் தேதி பதினெட்டு."

9.40 வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஷூவைக் கழற்றினார்.

நான் அலுவலகத்துக்குப் போய், அவர் வராததற்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தேதி ஜூலை 11.

திரும்பி வந்து சொன்னதற்கு, "ம்" என்றார்.

ஏப்ரல் 19, வெள்ளி

என்னதான் செய்யறது நான்? எத்தனை பேரக் கூப்பிட்டாச்சு. ஈப்போ, கிளாங், பினாங்குல ஒருத்தர், அவர் சொன்ன இன்னொருத்தர். எல்லாரும் "இருக்கலாம்", "இருக்கலாம்". ஒரு இருக்கலாமை வெச்சு நான் எப்பவாவது செய்தி எழுதியிருக்கேனா? வண்டி நிக்குதுன்னு ஊருக்கே தெரியுது. பூனைக்குத் தெரியுது. அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியல.

வண்டியை வித்துடலாம்னு தோணுது. அதையும் அவர்கிட்டச் சொல்லல.

ஏப்ரல் 20, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை எடுத்து, இதுவரை பேசியவர்களின் பெயர்களை எழுதினேன். பெரிய செய்தி சிக்கிக்கொண்டால் அப்படித்தான் செய்வேன். யாரைக் கேட்டோம், யாரைக் கேட்கவில்லை. பதினோரு பெயர் வந்தது. பன்னிரண்டாவது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர். அதற்கு முன் பஸ்ஸை இருபத்தெட்டு வருடம்.

படத்தை அவர் முன் வைத்தேன். "அபாங், இதப் பாருங்க. இதுதான் தடுக்குது. வேகம் பூஜ்யம்னு காட்டுது. ஆனாலும் நிக்கறது உறுதியில்லங்குது. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நிதானமாகப் படித்தார்.

"பூஜ்யம் மட்டும் பாத்தா போதாதுல்ல. மேட்டுல உருளப்போற வண்டியும் ஒரு நொடி பூஜ்யம்தான். கைபிரேக் இழுத்திருக்கான்னும் பாக்கும். ரெண்டும் சரின்னாத்தான் நம்பும்."

"இழுத்துத்தான் செஞ்சாங்க."

"இழுத்தாங்க. வண்டிக்கு எப்படித் தெரியும்? வயர்தான் இல்லையே."

எனக்குப் புரியவில்லை.

"மறந்துட்டியா? அந்தச் சிவப்பு வெளக்கு. கைபிரேக்க எறக்குனதுக்கப்புறமும் மினுக்கிட்டே இருந்துச்சு, கீ கீன்னு கத்திச்சு. கண்ணக் குத்துது, காதக் குத்துது, செய்தி யோசிக்க விட மாட்டேங்குதுன்னு சொன்ன. பந்தாய் ரெமிஸ் போற வழியில ஒரு வயர்காரன்கிட்ட நிறுத்தி, வெட்டிருன்னு நீதான் சொன்ன. நான் டார்ச் பிடிச்சேன். நாலு வருஷம் இருக்கும்."

நினைவு வந்தது. வயர்காரர் வாயில் வெற்றிலை. "வெளக்கு போனா வியாதி போச்சு காக்" என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டே பத்து ரிங்கிட் கொடுத்தேன்.

அன்றாட ஓட்டத்துக்கு அந்த வயர் தேவைப்படவில்லை. நாலு வருடம் யாருக்கும் குறை தெரியவில்லை. புதுக் கிளட்சைக் கற்கும்போதுதான் கம்ப்யூட்டர் இரண்டாவது ஆதாரம் கேட்டிருக்கிறது. ஒற்றை ஆதாரத்தில் எதையும் எழுதமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இரண்டாவது ஆதாரத்தின் வாயைக் காசு கொடுத்து அடைத்ததும் நான்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அபாங்? பதினெட்டாம் தேதி போயிருக்காதே?"

கோபமாகத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியை மடித்து வைத்தார்.

"என்ன கோளாறுன்னு ரெண்டு தடவ கேட்டேன் ஆய்னி. பாத்துட்டு இருக்காங்கன்ன. சின்ன விஷயம்ன. சமையலறை வாசல்ல நின்னு ரகசியம் பேசுன. எங்கிட்ட யாரு சொன்னா?"

தாளில் பன்னிரண்டாவது பெயரை எழுதினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஆ சுவீயிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் இருபது தடவ கைபிரேக்க இழுத்தேன். வெளக்கு எரியுதான்னு ஒரு தடவகூடப் பாக்கல" என்றார். பிறகு இன்னொன்று, அபாங்கை அவர் அழைக்கும் பெயரில்: "காக், பாக் டான்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

"நீயே சொல்லு" என்று தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். அக்டோபருக்குப் பிறகு அவருக்கு வந்த அழைப்பை நான் முதலில் கேட்காமல் கொடுத்தது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் பேசினார்கள். கியர்பெட்டி எண்ணெய் பற்றி.

ஏப்ரல் 22, திங்கள்

பட்டறைக்கு இன்று அபாங்கும் வந்தார். வெட்டிய வயர் கைபிரேக் உறைக்குக் கீழேயே சுருண்டு கிடந்தது. முனையில் கருப்பு டேப். ஆ சுவீ ஒட்டினார். விளக்கு எரிந்தது. கைபிரேக்கை இறக்கிய பிறகும் மினுக்கியது, பழையபடி. அபாங் குனிந்து பார்த்து, "சுவிட்ச் திருகாணிய அரைச் சுத்து முறுக்கு" என்றார். முறுக்கினார்கள். நின்றுவிட்டது.

அரைச் சுற்று. நாலு வருடத்துக்கு முன்பும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ரிட்ஸுவான் கருவியைச் செருகினார். ஆ சுவீ வழக்கம்போல் ஓட்டுநர் இருக்கைக் கதவைத் திறந்து, உள்ளே உட்காராமல் நின்றார். "பாக் டான், பிரேக் மிதிக்க ஒரு ஆள் வேணும்."

அபாங் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கைபிரேக்கை இழுத்தார். வலது கால் பிரேக்கில். பம்பு முனகியது, நிற்கவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, ஏறியது, மறுபடி தாழ்ந்தது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம். அவர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது தொடை மெதுவாக மேலே வந்தது.

"கடிக்குது" என்றார். "இங்க."

திரையில் எண் நின்றது அதற்குப் பிறகுதான். பச்சைக் கட்டம். ரிட்ஸுவான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தொடக்கம் 11.06, முடிவு 11.15. பத்து நிமிடம்கூட இல்லை.

வண்டியை வீடுவரை வஹாப் ஓட்டி வந்தார். அபாங் பக்கத்து இருக்கையில். லைசென்ஸ் இல்லாமல் சாலையில் ஓட்டமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 25, வியாழன்

பழைய பஸ் நிலையத்தில் இன்று அவர்கள் கூடியிருப்பார்கள். வஹாப் கூட்டிப்போவதாகச் சொன்னார். "நான் வரல" என்றார் அபாங். நான் வற்புறுத்தவில்லை. கேட்டேன், அவர் சொன்னார், அவ்வளவுதான்.

மே 2, வியாழன்

எங்கள் கேட்டிலிருந்து வண்டி நிறுத்தும் கூரை வரை பதினேழு மீட்டர். இன்று டேப் வைத்து அளந்தேன். அது எங்கள் நிலம், யாரும் தடுக்க முடியாது. மாலை ஐந்துக்குச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வந்து ஏறுகிறார். கைபிரேக்கை இறக்குகிறார், சிவப்பு விளக்கு அணைகிறது. முதல் கியரில் கேட் வரை. பின் கியரில் கூரை வரை. இரண்டாவது கியருக்கு இடம் இல்லை.

முதலில் வண்டியில் ஒரு உதறல் இருந்தது. புதுத் தட்டு ஓடி ஓடித்தான் பதமாகும், நூறு கிலோமீட்டராவது வேண்டும் என்று ரிட்ஸுவான் சொன்னதை நான் உடனே அவரிடம் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப ஜூலைக்குள்ள முடியாது" என்றார்.

இன்று முப்பத்தாறு தடவை போய் வந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணினேன். மழை வந்ததும் நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். எஞ்சின் அணைந்திருந்தது. வைப்பரும் ஓடவில்லை.

"எங்க போகலாம்?" என்று கேட்டேன்.

"கேட் வரைக்கும் போகலாம்" என்றார்.

நிலுவையில்: ஓட்டிக் காட்டும் நாள், ஜூலை 11, வியாழன், காலை 9 மணி. ஆதாரம்: அலுவலகக் கடிதம். இரண்டாவது ஆதாரம்: சமையலறை நாட்காட்டி. ஜூலைப் பக்கத்தை இன்று திருப்பிப் பார்த்தேன். வட்டம் இருக்கிறது.